சாவு வீட்டில் காலர் மைக்

சாவு வீட்டில் கரண்டு முதலில் ஐஸ் பெட்டிக்குச் சொந்தம். அதற்குப் பிறகுதான் விளக்கு, ஃபேன். கடைசியில்தான் நாம்.

ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடும். அது ஓடத் தொடங்கும்போதெல்லாம் அதே லைனில் செருகிய எந்தக் கருவியும் ஒருமுறை முனகும். கேட்கிறவர்களுக்கு அது இன்னதென்று தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அதனால் துக்க வீட்டில் நான் சுவரில் எதையும் செருகுவதில்லை. கேமரா அதன் பேட்டரியில் ஓடும். மைக்கின் சத்தத்தை வாங்குகிற ரிசீவர் பவர் பேங்க்கில் ஓடும். மைக்கில் அன்று காலையில் பிரித்த புது செல். தொழில்நுட்பம் என்று நான் உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

சவுண்டு வேலைக்குப் புதிதாக வந்து என்னைப் பார்க்க வரும் நீங்கள் எந்த மைக் செட் வாங்கலாம், எவ்வளவு தூரம் இழுக்கும், போனில் நேராகச் செருகலாமா என்று கேட்கிறீர்கள். அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் படம் போட்டிருக்கிறது. வலது காது மந்தமாகி, தொழிலை விட்டு வில்லாபுரத்தில் வீட்டோடு உட்கார்ந்த பிறகு எனக்கு நினைவுக்கு வருவதெல்லாம் அந்தத் தாளில் இல்லாத விஷயங்கள்தான்.

காலர் மைக்கை ஒருவர் சட்டையில் மாட்டினால், அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பிறகு மறந்துவிடுவார். மறந்த பிறகு அந்த மைக் முழுக்க நம் பொறுப்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா, மைக் மாட்டியிருப்பதை மறந்து சமையல்காரரிடம், "பொண்ணு வீட்டு ஆளுகளுக்கு ரெண்டாவது தடவை அப்பளம் போடாத" என்றார். மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், சம்பந்திகளைத் தவிர. அந்த மாதிரிக் கதைகள் இந்தத் தொழிலில் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். நான் சொல்லப்போவது அப்படிப்பட்டது இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு சாவு வீட்டுக்கு லைவ் கேட்பது சாதாரணமாகிவிட்டது. முன்பெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பார்கள். இப்போது பந்தலுக்குச் சொல்லும்போதே லைவுக்கும் சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஒரு காலையில் கேமராக்காரர் சரவணன் கூப்பிட்டார். அவரும் நானும் பல வருடங்கள் சேர்ந்து வேலை செய்தவர்கள்.

"அண்ணே, அழகர்கோவில் ரோட்டுக்கு உள்ளாற ஒரு ஊருல கேதம். லைவ் வேணுங்கிறாக. மகன் கப்பல்ல இருக்கானாம். வர முடியாதாம்."

இறந்துபோன பெரியவர் பாதி வாழ்நாளைப் பிறர் வயலில் கழித்தவர். பிற்பாடு கொஞ்சம் நிலம் வாங்கி மல்லிகை போட்டார். மனைவி முன்னமே போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மலர்விழி, பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இளையவன் இளங்கோ, சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. படித்து முடித்து நெடுநாள் அலைந்து கிடைத்த முதல் கப்பல். அப்பா இறந்த அன்று கப்பல் நடுக்கடலில் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இளங்கோ சரவணனின் போனில் கூப்பிட்டுவிட்டார். போனை என்னிடம் கொடுத்தார் சரவணன்.

"அண்ணே, எனக்கு மேளச் சத்தம் வேணாம்" என்றார் இளங்கோ. குரல் கடலுக்கு அப்பாலிருந்து விட்டுவிட்டு வந்தது. "எல்லாரும் அழுவுறதப் பாத்துக்கிட்டு நான் இங்க இரும்புக்குள்ள உக்காந்து என்ன செய்ய? அக்கா மேல மைக்க மாட்டுங்க. யாரு வந்துருக்கா, என்ன நடக்குதுன்னு அது சொல்லட்டும். அது குரல் கேட்டா நானும் அங்கிட்டு இருக்குற மாதிரி இருக்கும்."

அதனால் கேமரா மைக்கை எடுத்துவிட்டேன். மலர்விழியின் காலர் மைக் மட்டும் ரிசீவருக்கு வந்து, அங்கிருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற என் சின்ன மிக்சர் வழியாக லைவுக்குப் போனது. வேறு சத்தம் எதுவும் போகவில்லை. இளங்கோவைத் தவிர சென்னை, கோயம்புத்தூர் என்று இருந்த உறவுக்காரர்களும் அதே லிங்க்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கை மாட்டும்போது மலர்விழி அழவில்லை. நூல் சேலையின் ஓரத்தில், கழுத்துச் சங்கிலி உரசாத இடமாகப் பார்த்து மாட்டினேன்.

"இதுல பேசுனா அவனுக்குத் தெளிவாக் கேக்குமாண்ணே?"

"பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்கும் டீச்சர்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, அக்கா பேசுறேன். கேக்குதா?"

லைவ் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு போனில், "கேக்குதுன்னு சொல்லுங்கண்ணே" என்று வந்தது.

வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் மலர்விழி சொல்ல ஆரம்பித்தார். "அப்பாவுக்கு ஊதாக்கரை வேட்டி கட்டியிருக்கோம். நீ போன பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தது. மொகம் தூங்குற மாதிரித்தான் இருக்கு. மேலூர் அத்தை இப்பத்தான் வந்துச்சு. பூ மார்க்கெட் ஆளுக ஒரு வேன்ல வந்துருக்காக. வாசல்ல செருப்பு வைக்க எடமில்ல, அம்புட்டுக் கூட்டம்." நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சாளர்களுக்கு மைக் வைத்திருக்கிறேன். அப்படி ஒரு நிதானத்தைக் கேட்டதில்லை. கப்பலில் இருக்கிற தம்பிக்காக அந்தப் பெண் தன் அழுகையை ஓரமாக வைத்துவிட்டிருந்தார்.

ஆனால் மனிதரால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? உறவுக்காரப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழ அழ, அவர் சொல்வது குறைந்தது. இடையிடையே ஒரு வார்த்தை. பிறகு அதுவும் இல்லை. மைக் இருக்கிறது என்ற நினைப்பு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. மைக்குக்கு நேராகவே மூக்கைச் சிந்தினார்.

மதியத்துக்கு மேல் நீர்மாலைக்கு நேரமானது. பெரியவரின் தம்பி, மலர்விழியின் சித்தப்பா, முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர ஆண்கள் அவர் பின்னால் கிளம்பினார்கள். மேளமும் அவர்களோடு போனது. காலையிலிருந்து அதிர்ந்துகொண்டிருந்த வீடு சட்டென்று அமைதியானது. அழுது ஓய்ந்த பெண்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். ஐஸ் பெட்டி மோட்டாரின் சத்தம் மட்டும் இருந்தது.

மலர்விழி பெட்டியின் கண்ணாடி மேல் முகத்தை வைத்தார். அப்பாவிடம் பேச ஆரம்பித்தார்.

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியேப்பா..."

அந்தக் குரலில் டீச்சர் இல்லை. தம்பிக்குச் சொல்கிற அக்காவும் இல்லை. என் விரல் நான் யோசிக்கும் முன்னாலேயே மிக்சரில் அந்தச் சத்தத்தை இறக்கிவிட்டது.

லைவுக்குப் போவது நின்றது. என் ஹெட்போனில் நிற்கவில்லை. கழற்றியிருக்கலாம்தான். ஆனால் சத்தத்தை மறுபடி எப்போது ஏற்றுவது என்று தெரிய வேண்டுமே. கேட்டேன்.

"தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்த. வந்துக்கிட்டு இருக்கான்ப்பான்னு சொன்னேன். அவன்ட்ட, அப்பா நல்லாருக்காரு, சும்மா காய்ச்சல்னு சொன்னேன். அவன் கப்பல் துறைமுகத்துல நின்னுச்சுப்பா. எறங்குறேன்க்கான்னான். வேணாம், அப்பா ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்துட்டாருன்னு சொன்னேன். நீதான சொல்லாதேன்ன. சித்தப்பாவும் சொல்லாதேன்னாரு. எறங்குனா கம்பெனிக்காரன் மறுபடி ஏத்த மாட்டான்னு சொன்னீக. நானும் சரின்னேன். அப்புறம் நீயே கேக்குற, வந்துட்டானான்னு. நான் என்னப்பா செய்வேன்?"

சரவணன் கேமராவுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த போன் அடித்தது. இளங்கோ.

நடந்தது என்னவென்றால், முதல் வாக்கியம் லைவில் போய்விட்டது. நான் வெட்டியது அதற்குப் பிறகு. கப்பலில் உட்கார்ந்திருப்பவருக்கு, அக்கா அப்பாவின் முகத்தின் மேல் குனிந்து, 'நீ கேட்டுக்கிட்டே இருந்தியேப்பா' என்று சொன்னது கேட்டிருக்கிறது. பிறகு மௌனம். படம் மட்டும் ஓடுகிறது. படத்தில் அக்காவின் வாய் அசைகிறது.

"அண்ணே, சத்தம் போச்சு" என்றார் இளங்கோ. "அக்கா என்னமோ சொல்லுது. அப்பா என்ன கேட்டாரு? சத்தத்தப் போடுங்கண்ணே, சீக்கிரம் போடுங்க."

சரவணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார். நான் சத்தத்தை இறக்கியதை அவர் பார்த்துவிட்டிருந்தார். காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

"மைக்குல பேட்டரி தீந்துருச்சுன்னு சொல்லிருவோம்ணே. மாத்துறதுக்குள்ள அதுவும் பேசி முடிச்சுரும்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திவைக்க விரும்புகிறேன். நம் தொழிலில் எதற்கும் கையோடு ஒரு சாக்கு இருக்கிறது. பேட்டரி தீர்ந்தது, சிக்னல் விட்டது, கேபிள் லூஸ், நெட் இல்லை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கருவி திருப்பிப் பேசாது. சரவணன் சொன்னது கெட்ட யோசனையும் இல்லை. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு நொடி நானும் தலையாட்டப் போனேன்.

என்னை நிறுத்தியது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பொய் இருந்தது. கேட்ட எல்லாருடைய நன்மைக்காகவும் சொல்லப்பட்ட பொய். அது கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்து அழுதுகொண்டிருப்பதை இப்போதுதான் கேட்டேன். அதே ஆளிடம், அதே காரணத்துக்காக, என் மைக்கை வைத்து இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை.

சத்தத்தைத் திறந்துவிடவும் கை வரவில்லை. திறந்தால் தம்பிக்கு மட்டுமா கேட்கும்? கோயம்புத்தூரில் இருக்கிற ஒன்றுவிட்ட மச்சானுக்கும் கேட்கும். அந்தப் பெண் அப்பாவிடம் சொன்னதை ஊருக்குச் சொல்ல நான் யார்?

போனை வாங்கினேன்.

"தம்பி, மைக்குல ஒண்ணும் இல்ல. நான்தான் சத்தத்த நிறுத்தினேன். அக்கா அப்பாட்ட தனியாப் பேசுறாங்க."

மறுமுனையில் எஞ்சின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "என்னண்ணே சொல்லுது?" என்றார். சின்னப் பையனின் குரல் மாதிரி இருந்தது.

"அது நான் சொல்றதுக்கு இல்ல தம்பி. அக்காட்ட கேட்டுட்டு வாரேன். லைன்ல இருங்க."

மலர்விழி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். சுவரோரம் இருந்த பெண்கள் பார்த்தார்கள். தாழ்ந்த குரலில் சொன்னேன். "டீச்சர், மைக் ஒங்க மேல இருக்கு."

அவர் தலையைத் தூக்கினார். கை தானாகச் சேலை ஓரத்துக்குப் போனது. முகம் வெளிறியதை அருகிலிருந்து பார்த்தேன்.

"போயிருச்சா?"

"மொத வார்த்தை போயிருச்சு. நீ கேட்டுக்கிட்டே இருந்தியேப்பாங்கிறது. மிச்சம் போகல, நிறுத்திட்டேன். எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. தம்பி லைன்ல இருக்காரு. அப்பா என்ன கேட்டாருன்னு கேக்குறாரு."

அவர் பெட்டியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தூரத்தில் மேளம் திரும்பி வருகிற சத்தம் மெல்லக் கேட்டது. நீர்மாலை வந்துவிட்டால் பிறகு பேச நேரம் இருக்காது, அவருக்கும் தெரியும்.

"அவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி செய்ய முடியுமாண்ணே?"

கேட்டதும் என் புத்தி நேராகக் கேபிளுக்குத்தான் போனது. ரிசீவரை மிக்சரிலிருந்து உருவி, போனுக்குப் போகிற ஒயரில் மாட்டி, லைவைத் தனியே ஊமையாக விட்டு... மனதுக்குள் முழு இணைப்பும் போட்டுப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடப் பழக்கம் மனிதனை எப்படி ஆக்கிவிடுகிறது பாருங்கள். கையிலேயே போன் இருக்கிறது. அதை அவர் கையில் கொடுத்தால் போதும். அது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மைக்கைச் சேலையிலிருந்து கழற்றினேன். அவர் பார்க்கும்படியாக சுவிட்சை அணைத்தேன். ஹெட்போனையும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். போனை நீட்டினேன்.

"கொல்லைப் பக்கம் போயிப் பேசுங்க டீச்சர்."

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அவர் தம்பியிடம் என்ன சொன்னார், எப்படித் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சரவணனிடம் கேமராவைப் பெரியவரின் முகத்தில் வைக்கச் சொன்னேன். லைவ் சத்தமில்லாமல் ஓடியது.

நீர்மாலை வாசலுக்கு வந்துவிட்டது. குடங்களோடு உள்ளே வந்த சித்தப்பா நாலு பக்கமும் பார்த்தார். "மலரு எங்க?"

"தம்பிட்ட பேசிக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்கண்ணே."

"இப்ப என்னய்யா பேச்சு? வெயில் எறங்குறதுக்குள்ள எடுக்கணும்." பிறகு அவருக்குள் ஏதோ தட்டுப்பட்டது. என் பக்கத்தில் வந்தார். "என்ன சொல்லுது அவன்ட்ட?"

"மைக்கக் கழட்டிட்டேன். எனக்குத் தெரியாதுண்ணே."

அவர் என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார். "நீ என்னமோ கேட்டுருக்க. கேட்டுட்டுப் போயி அவளக் கெளப்பி விட்டுருக்க. மைக்குப் போட வந்தவன் மைக்கப் போட்டமா போனமான்னு இருக்க மாட்டியா?"

நியாயம் அவர் பக்கமும் இருந்தது. ஈர வேட்டியோடு நின்றவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். "அண்ணந்தான் சொல்லாதேன்னாரு. அவன் கப்பல் ஏறுனதுதான் அவருக்குப் பெருமை. அவர் வாயால சொன்னத நான் எப்படி மீறுவேன்?"

மேளக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். யாரோ கையைக் காட்ட, நிறுத்தினார்கள்.

மலர்விழி வந்தார். போனை என் கையில் வைத்தார். திரை இருண்டிருந்தது.

"வச்சுட்டான்" என்றார்.

"என்ன சொன்னாருன்னு..." என்று சித்தப்பா எழுந்தார்.

"ஒண்ணும் சொல்லல சித்தப்பா. கேட்டான். கேட்டுட்டு வச்சுட்டான்."

நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "மாட்டவா டீச்சர்? வேணாம்னா விட்டுருவோம்."

"மாட்டுங்கண்ணே. பாத்தாலும் பாப்பான்."

மறுபடி மாட்டினேன். அவர் மறுபடி சொன்னார். குளிப்பாட்டுகிறார்கள், கோடி போடுகிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள், நீ போட வேண்டியதைச் சித்தப்பா மகன் போடுகிறான். அதே நிதானம். ஆனால் காலையில் இருந்தது போல இல்லை. காலையில் எதிரில் ஒரு ஆள் இருந்தார். இப்போது இருக்கிறாரா என்று தெரியாது. லைவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையில் ஓர் எண் காட்டும். யார் யார் என்று காட்டாது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரவணன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை.

பாடை கிளம்பியதும் தெருமுனையில் பெண்கள் நின்றுவிட வேண்டும். மலர்விழி தானே மைக்கைக் கழற்றிச் சித்தப்பாவின் துண்டில் மாட்டச் சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுடுகாட்டில், சிதைக்குத் தீ வைக்கும்போது, மைக்கை நோக்கித் தலையைக் குனிந்து, "இளங்கோ, சித்தப்பா பேசுறேன்டா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. நான் ஹெட்போனில் அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த மூச்சுச் சத்தத்தைக் கடைசி வரை லைவில் போக விட்டேன், நிறுத்தவில்லை. 'கேக்குது' என்று சொல்ல மறுமுனையில் யாரும் இல்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இதை நான் சொல்லும்போது பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுவேன். மைக் மாட்டியவரிடம் கேட்காமல் அவர் குரலைத் திறக்காதே, தப்பைக் கருவி தலையில் போடாதே, ஒரு போன் போதுமான இடத்தில் கேபிளைத் தேடாதே. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கும் மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் முழுசாகச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

மலர்விழியை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். பசுமலையில் அவர் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு சவுண்டு எனக்குத்தான் வந்தது. அவர்தான் நிகழ்ச்சித் தொகுப்பு. காலர் மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

"கையில பிடிக்கிறது குடுங்கண்ணே" என்றார். "பேசி முடிச்சதும் கீழ வச்சுரலாம்ல."

தம்பியைப் பற்றிக் கேட்டேன். பதினாறாம் நாள் காரியத்தன்றும் அவன் போன் பண்ணவில்லை, அதற்குப் பிறகும் தான் போன் போட்டால் எடுப்பதில்லை என்றார். "நான் சொன்னது தப்பாண்ணே?" என்று கேட்டார். மேடையில் அவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

கப்பல் வேலை முடிந்து இளங்கோ ஊருக்கு வந்தபோது என்னைத் தேடி வில்லாபுரம் வந்தார். அதற்குள் நான் தொழிலை விட்டுவிட்டேன். வாசலில் வாடகைக் கார் நின்றது. பின் சீட்டில் பெட்டிகள் இருந்தன. அன்று அந்த வீட்டுப் போட்டோவில் பார்த்த அவர் அப்பாவின் தாடை அப்படியே அவருக்கு இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி கொடுத்தோம், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு சத்தத்த நிறுத்துனது நீங்கதானண்ணே?"

"ஆமா தம்பி."

"அந்த வீடியோ என்ட்ட இருக்கு. அந்த எடம் மட்டும் ஊமையா இருக்கு. பலதடவ பாத்துட்டேன். வாயப் பாத்துப் பாத்தே அக்கா என்ன சொல்லுதுன்னு இப்பத் தெரியும் எனக்கு."

என் நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன்.

"பேட்டரி தீந்துருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் எங்கே பிசகியது என்று தேடுகிற மாதிரி சொன்னார். "நம்பியிருந்தா இன்னைக்கும் அக்காட்ட பேசிக்கிட்டு இருந்துருப்பேன்."

"பேசியிருப்பீங்க" என்றேன். அது உண்மைதானே.

"அப்பா என்னயத் தேடுனாருன்னு தெரிஞ்சுருக்காது."

"தெரிஞ்சுருக்காது."

கையிலிருந்த காபி ஆறிப்போயிருந்தது. மேலே ஆடை படிந்துவிட்டது.

"தெரியாம இருந்துருக்கலாம்னு சொல்லல அண்ணே. அவரு என்னயக் கேட்டாருங்கிறது எனக்கு வேணும். அத யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா அதச் சொன்ன வாய்தான துறைமுகத்துல வச்சு, எறங்காத, அப்பா நல்லாருக்காருன்னு சொல்லுச்சு. அது மொகத்தப் பாத்தா எனக்கு அப்பா மொகம் தெரியல. அந்தத் துறைமுகந்தான் தெரியுது."

"ஒருக்கா போயிப் பாத்துட்டுப் போங்க தம்பி. பசுமலை இங்கன இருந்து எம்புட்டுத் தூரம்? அவங்களும் தூக்கிச் சொமக்குறாங்க."

ஊருக்குப் போய் அப்பாவை எரித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். சித்தப்பாவைப் பார்த்தாராம். அவர் இவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாராம். அடுத்த கப்பலுக்கு அழைப்பு வந்துவிட்டது என்றார். காபியை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, "வாரேண்ணே" என்றார்.

அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனேன். எங்கள் தெரு முனையில் ஒரு பக்கம் திரும்பினால் பசுமலைக்குப் போகலாம். மறுபக்கம் திரும்பினால் அவனியாபுரம் வழியாக ஏர்போர்ட். கார் முனை வரை போய் அங்கே நின்றது. டிரைவர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்து ஏதோ கேட்பது தெரிந்தது. எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்ற கார், பிறகு ஏர்போர்ட் பக்கம் திரும்பியது.